ஆறாம் கட்டில்

நான் பிறந்த நாரிச் நகரில்
'மைண்ட்' என்ற சொல்லுக்குச் சில்லறை வேலைகள்தான்.
படி வழுக்கும், பார்த்துப் போ என்பதற்கு.
பக்கத்து வீட்டு நாயை ஒருநாள் கவனித்துக்கொள்ள.
ஜன்னலைத் திறக்கலாமா, உங்களுக்குத் தொந்தரவில்லையே?
அதற்கும் அதுதான்.
"இல்லை" என்று பதில் வந்தால்
திறந்துகொள் என்று பொருள்.

கிரீனக் ஆஸ்பத்திரியில் என் இரண்டாவது குளிர்காலம்.
நைட் ஷிஃப்ட்.
க்ளைட் ஆற்றின் மேல் மழை எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது.
ஆறாம் கட்டிலில் லாக்லன் மக்ஃபேடியன்,
கப்பல்பட்டறையில் ரிவெட் அடித்து அடித்து
ஒரு காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.
பிரஷர் பட்டையைச் சுற்றும்போது
என் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டார்:
"டூ யூ மைண்ட் மீ?"

சும்மா சும்மா மணியடித்துக் கூப்பிட்டதற்குக்
கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.
கையிருப்பில் இருந்த இனிப்பையெல்லாம் குரலில் கொட்டிச் சொன்னேன்:
"இல்லவே இல்லை. துளிகூட இல்லை."

பிடி தளர்ந்தது.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.
கேட்கிற காது தலையணைக்குள் போயிற்று.

நாலு மணிக்குத் தரை துடைக்க வந்தாள் செங்கா
(ஆக்னஸைக் கடைசி எழுத்திலிருந்து படித்தால் வரும் பெயர்).
நான் சொன்னதைக் கேட்டு மாப்பை நிறுத்தினாள்.
"அடிப் பாவி,
ஞாபகம் இருக்கா என்னை என்றல்லவா
அந்த மனுஷன் கேட்டிருக்கு."

இருந்தது.
போன ஜனவரி, இதே வார்டு, ஜன்னலோரக் கட்டில்.
பார்க்க யாரும் வராத ஞாயிற்றுக்கிழமை
ஒரு பேரிக்காயைக் கரண்டியால் அறுத்து
பெரிய பாதியை எனக்குத் தந்தார்.
காம்பு அவர் பாதியில் இருந்தது.
அதுவரை ஞாபகம் இருந்தது.

மூன்று தரம் திரை வரை போனேன்.
தூங்குகிறவர் என்றால் எழுப்பியிருப்பேன்.

ஏழேகாலுக்கு
வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வண்டி வந்துவிட்டது.
நான் மருந்தறையில் இருந்தேன், யாரும் சொல்லவில்லை.
கோட்டில்லாமல் ஓடினேன்.
கதவு முக்கால்வாசி சாத்தியாகிவிட்டது.
"மிஸ்டர் மக்ஃபேடியன்! ஐ மைண்ட் யூ!"

குடையோடு நின்ற லண்டன்கார டாக்டர்
முகம் சுளித்தார்.
எங்கள் ஊர்க் கணக்குப்படி நான்
நோயாளி ஒருவரைப் பார்த்து
உன்னைக் கண்டாலே ஆகவில்லை என்று
கத்தியிருக்கிறேன்.

எந்தக் காது என் பக்கம் இருந்ததோ.
வண்டி திரும்பும்போது
பின்கண்ணாடியில் போர்வை அசைந்தது.
வாசலில் ஒரு வேகத்தடையும் உண்டு.