மைனஸ் பதினெட்டு

பங்குனி வெயிலில்
கொழும்பில் குளிர்க்கோட்டு வாங்கப் போனவன்
நான் ஒருவனாகத்தான் இருக்கும்.
புறக்கோட்டையில் பேல் உடுப்பு விற்கிற ஜிஃப்ரி நானா
"நுவரெலியாவுக்கா?" என்றார்.
"முகத்துவாரத்துக்கு" என்றேன்.
சிரித்த சிரிப்பில் நூறு ரூபாய் குறைத்தார்.

கோட்டின் உட்பையில்
எந்த நாட்டுக்காரனோ மறந்துவிட்ட
பஸ் டிக்கெட் ஒன்று.
எறியவில்லை.
அதுவும் கடதாசிதானே,
ஒரு நூலளவு குளிரையாவது மறிக்கும்.

மீன் ஏற்றுமதிக் கிடங்கு, மூன்றாம் அறை.
இறால் பெட்டிகளில் பல்லடையாளம்
கண்டுபிடித்து மூன்று கிழமை.
வெள்ளிக்கிழமை பரிசோதகர்கள் வருகிறார்கள்.
அந்த அறையில் வியர்த்தபடி நின்றவர்
மேனேஜர் மட்டும்தான்.

முதல் இரவு நானும் வியர்த்தேன், அதுதான் பிழை.
ஓடியாடினால் சூடு பிறக்கும் என்று
பெட்டிகளை இழுத்து இழுத்து அடுக்கினேன்.
கை ஓய்ந்த கணமே
முதுகு வியர்வை தகரமாய் ஒட்டிக்கொண்டது.
பல் தந்தியடிக்க வெளியே வந்தேன்.
காவலுக்கு இருந்த உபாலி
என் கண்ணிமையிலிருந்த பனியை
ஏதோ பூச்சி என்று தட்டிவிட்டான்.

இரண்டாம் இரவு
பனியனுக்கு மேல் ஞாயிறு பத்திரிகை,
மரண அறிவித்தல் பக்கம் நெஞ்சுக்கு.
காலுறைக்கு மேல் சொப்பிங் பேக், அதற்கு மேல் சப்பாத்து.
இருபது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே.
வெளியே இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ,
உள்ளங்கையில் சீனி, நக்கியபடி.
மெதுவாக நட. மெதுவாக மூச்சு விடு.
அவசரப்படுகிறவனைத்தான் குளிர் முதலில் பிடிக்கிறது.

எலி வரவில்லை.
கருவாடு வைத்தேன், கட்டியாய் உறைந்தது.
தேங்காய்ச் சொட்டைச் சுட்டு வைத்தேன், கல்லாகியது.
அங்கே எதற்கும் வாசம் கிடையாது.
இரண்டாயிரம் பெட்டி உணவுக்கு நடுவே
பசியைக் காட்டி யாரைக் கூப்பிட முடியும்?

மூன்றாம் இரவு,
விரல்களை அக்குளில் செருகி நின்றபோது
எனக்கே என்ன வேண்டும் என்று யோசித்தேன்.
பிறகு
ஜின்ஜர் பியர் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி
இடக்கைக் கம்பளி உறைக்குள் அதை நுழைத்து
ஒட்டுப்பலகையின் நடுவில் படுக்கவைத்தேன்,
தொட்டிலில் வைப்பதுபோல.

லைட்டை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
கொம்பிரஸர் உறுமியது, நின்றது.
இருட்டில் ஒரு சின்னச் சத்தம்,
நகம் பலகையில்.

டோர்ச் அடித்தேன்.
நகரத்து எலி மாதிரி இல்லை அது.
கரடிக்குட்டி போல மயிர் அடர்ந்து
வால் கட்டையாய்,
உறையின் கட்டைவிரலைக் கட்டிப்பிடித்துக் கிடந்தது.
ஓடப் பார்க்கவில்லை.
பசையா, சூடா, எது அதைப் பிடித்து வைத்திருந்தது
என்று எனக்குத் தெரியாது.

உறையில்லாத என் இடக்கை
மரத்துப் போயிருந்தது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.
அந்தக் கையை அதன் முதுகில் வைத்தேன்.
கொதித்தது.
மூன்று மணி நேரத்தில் நான் தொட்ட
முதல் சூடான பொருள்.
விரல்களில் உணர்வு வரும்வரை
வைத்திருந்தேன்,
ஒரு நிமிடம், கூடினால் இரண்டு.
பிறகு என் வேலையைச் செய்தேன்.

உபாலி புத்தகத்தில் எழுதினான்: எலி 1.
நேரம் 3.40. கையொப்பம்.

கிடங்குக்கு வெளியே
கடற்கரையின் வெக்கை ஈரத்துவாய் போல முகத்தில் விழுந்தது.
முதல் நுளம்பு காதோரம் பாடியது.
அடிக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வந்து சட்டை கழற்றினால்
பத்திரிகை மை நெஞ்சில் இறங்கி
இடம்வலம் மாறிய எழுத்துகள்.
ஜெனோவா சவர்க்காரம் போட்டுத் தேய்த்தபடி
எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
"யாரோ ஆசைப்பிள்ளையாம். ஓய்வுபெற்ற தபால் அதிபர்."
ஒரு கையுறை எங்கே என்று கேட்டாள்.
விழுந்துவிட்டது என்றேன்.

"ஃபேன் போடவா?"
வேண்டாம்.
இன்றைக்கு வேண்டாம்.