அரைப்பேர்

ஹப்புத்தளையில் ரயிலிறங்கி ஆறு பேர்.
எண்ணினேன். பனி இறங்கியது.
மறுபடி எண்ணினேன்.
பெரட்டுக்களத்தில் பழகிய காது எனக்கு,
ஆளைப் பார்ப்பதில்லை,
இருமலைக் கேட்டே எண்ணிவிடுவேன்.

என் சட்டையில் ஓர் அட்டை: ‘மலர்’.
புனிதமலர் நீளமாம், கம்பனி வெட்டிவிட்டது.
காலில் ஏறும் அட்டைக்கு நீளம் பிரச்சினையில்லை.
எல்லோருக்கும் சவர்க்காரம் கொடுத்து
கணுக்காலில் தேய்க்கச் சொன்னேன்.
ஹொரிகாவா அம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டு
‘மராரு’ என்று என்னைக் கூப்பிட்டு
கைக்கும் பூசலாமா என்றார்.

கொழுந்து நிறை குறைந்தால்
எங்களுக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்.
பறிக்கப் போகாமல் நடத்திக் காட்டப் போனாலும்
அரைப்பேர்தான் விழுந்திருக்கிறது, அட்டையில்.

நிகழ்ச்சி நிரலின் முதல் வரி:
யாரும் அறியாத மலைப்பாதை.
விடிய ஆறரைக்கு
நூற்றெண்பது பேர் ஏறுகிற பாதை.
டர்பன்டைன் மரங்களைத் தாண்டி
கூனிமலைத் திருப்பத்தில் நின்று
கீழே தெரியும் பள்ளத்தாக்கைக் காட்டினேன்.
பள்ளத்தாக்கு தெரியவில்லை.
வெள்ளையாக ஒன்றுமில்லாததைப்
பதினாறு படம் எடுத்தார்கள்.
திலகேஸ்வரன், கொழும்பில் வங்கி அதிகாரி,
“இதுதான் உண்மையான இலங்கை” என்றார்.
அப்படியானால்
நேற்று அவர் காசோலை மாற்றிய இலங்கை எது
என்று கேட்கவில்லை.
கருத்துப் படிவத்தில் எனக்கு நட்சத்திரம் போடுபவர்
அவரும்தான்.

பத்தரைக்குத் தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல்.
ஜெர்மன்காரர் அழுதார், காரம்.
பதினொன்றரைக்கு
பண்பாட்டு அம்சம் மூன்று: கொழுந்து நிறுக்கும் இடம்.

மேப்பிரிவுக் கொட்டகையில் வரிசை.
ரெஜினாமேரி பதினெட்டு. பதினாறு என்று எழுதினார்
சந்தனசாமி கணக்கப்பிள்ளை.
பூவாயி பதினாலு. பன்னிரண்டு.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
தராசு ஆடி நிற்பதற்குள்
அடுத்த சாக்கு.

ஹொரிகாவா அம்மாளுக்கு ஆசை.
தன் முதுகுப் பையைக் கழற்றி
கொக்கியில் மாட்டினார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
முள் பதினொன்றில் நின்றது.
கணக்கப்பிள்ளை கை தானாகப் போய்
ஒன்பது எழுதியது.

“மராரு, இரண்டு கிலோ எங்கே?”

சாக்குக்கு என்றேன்.
“இது சாக்கு இல்லையே.”
இலை ஈரத்துக்கு.
“உள்ளே இருப்பது கேமராவும் மழைக்கோட்டும்.”
கணக்கப்பிள்ளை பேனையைப் பார்த்தார்,
அதுதான் பேச வேண்டும் என்பதுபோல.
தமிழ், சிங்களம், ஆங்கிலம், எனக்கு மூன்று பாஷை.
ஹொரிகாவா அம்மாளுக்காக
வணக்கம், கவனம், வழுக்கும் என்று
ஜப்பானிய மொழியிலும் மூன்று சொல்.
ஒன்றிலும் அந்த இரண்டு கிலோ இல்லை.

“வழக்கம்” என்றேன் கடைசியில்.
தலையாட்டி, தன் சின்னப் புத்தகத்தில்
பண்பாடு என்ற பக்கத்தில் எழுதிக்கொண்டார்.
ரெஜினாமேரிதான் சிரித்தாள்.
பிறகு பூவாயி.
பிறகு வரிசை முழுக்க,
கூடைகள் குலுங்க,
கணக்கப்பிள்ளை “என்னா சிரிப்பு” என்று அதட்டி
அதட்டலின் பாதியில் தானும் சிரித்து,
ஒன்பதை வெட்டிப்
பதினொன்று எழுதினார்.
பைக்கு முழுப்பேர்.

ரெஜினாமேரியின் பதினாறு
பதினாறாகவே இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது இறங்கும்போது.
ஹொரிகாவா அம்மாள் என் பின்னாலேயே வந்தார்.
ஒரு நாளைக்கு ஒரு தடவை நிறுப்பார்களா?
மூன்று தடவை.
வருஷத்தில் எத்தனை நாள்?
எத்தனை வருஷம்?
கைபேசியில் தட்டித் தட்டிப் பெருக்கி
என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
திரையில் துளி விழுந்து
எண்கள் பெரிதாகி, கலங்கி, ஓடின.
அம்மாவுக்கு முப்பத்தொரு வருஷம்.
அதை நான் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அதையும் பெருக்கியிருப்பார்.

பீலியடியில் பாசிக்கல்.
எனக்குத் தெரிந்த மூன்று சொல்லில்
கடைசி இரண்டைச் சொன்னேன்,
கையைக் கொடுத்தேன்.
சவர்க்காரம் பூசிய கை,
நழுவிற்று,
மறுபடி பிடித்தேன்.
பையும் சேர்ந்து கனத்தது,
பதினொன்றும்.