மேகப் புள்ளி

தாம்சனில் அக்டோபர் முடிவதற்குள்
குளியலறைத் தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும்.
பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி
ஒரு விரல் உருகியதும்
தலையில் தடவிக்கொண்டு வேலைக்குப் போவேன்.
டீசல் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி
அந்தப் பாட்டில் சொன்னது.

மீதியை ஜனவரியில் நீரேற்று நிலையம் சொன்னது.
மின்சாரம் போன இரவு.
எஞ்சின் உடனே எழுந்தது,
பதினோரு நிமிடம் ஒழுங்காக ஓடியது,
இரண்டு முறை இருமி
நின்றுவிட்டது.
க்ளாரன்ஸ் ஸ்பென்ஸ் வடிகட்டியைக் கழற்றி
கையுறையில் ஏந்திக் காட்டினார்.
மடிப்புக்கு மடிப்பு வெள்ளை மெழுகு.
"யாருக்குப் பிறந்தநாள்?" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
விடிவதற்குள் மூன்று தெருக்களில் குழாய் வெடித்தது.

தொட்டியில் இருந்தது ஆகஸ்டில் நிரப்பியது.
கெட்ட எண்ணெய் என்று சொல்ல மாட்டேன்.
ஆகஸ்டுக்கு அது நல்ல எண்ணெய்.

பிப்ரவரியில் கொள்முதல் தாள் என் மேசைக்கு வந்தது.
மூன்று விலைகள்.
மலிவானதில் நூற்றுக்குப் பத்து தாவர எண்ணெய்.
புகை குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்,
ஆனால் எங்கள் எஞ்சின்
வருடத்தில் முந்நூற்று நாற்பது நாள் தூங்கும்.
தூங்குகிறவன் வயிற்றில் அந்த எண்ணெய்
ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு
அடியில் பாசி வளர்க்கும்.
அடுத்தது இரண்டாம் எண். கனம், வலு,
லிட்டருக்குக் கூடுதல் ஓட்டம்.
மைனஸ் பதினைந்தில் கலங்கும்.
கடைசியில் ஒன்றாம் எண், தண்ணீர் போல,
மைனஸ் நாற்பத்தைந்து வரை
தெளிவாக இருக்கும் என்கிறது தாள்.

தாளை நம்பித்தானே போன வருடமும் வாங்கினோம்.

ஆவக்காய் தீர்ந்த பாட்டில்கள் மூன்றைக் கழுவினேன்.
காரம் போய்விட்டதா என்று முகர்ந்தேன்.
மாதிரிகளை ஊற்றி, மூடி,
பின்வாசல் படியில் வரிசையாக வைத்தேன்.
பக்கத்து வீட்டு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது.
இரவு மைனஸ் முப்பத்தெட்டு.

காலையில் டார்ச் அடித்தால்
ஒன்று களி.
ஒன்று, கவிழ்த்தாலும் விழாத தயிர்.
மூன்றாவதன் பின்னால் நாட்காட்டித் தாளைப் பிடித்தேன்,
அன்றைய ராகுகாலம் படிக்க முடிந்தது.

"மெல்லிய எண்ணெய் பம்பைத் தின்னுமே," என்றார் க்ளாரன்ஸ்.
தின்னும்தான். வழுக்கல் போதாது.
அதற்கு ஒரு மருந்து கலக்க வேண்டும்,
அதற்கும் ஒரு விலை.

கணக்குப் பிரிவு மார்லீன்
அந்த விலையைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினாள்.
லிட்டருக்கு முப்பத்தொரு சென்ட் அதிகம்.
காரணம்?
காரணத்துக்கு விட்டிருந்த இரண்டு வரியில்
'குளிர்' என்று எழுதினேன்.
போதாது என்று திரும்பி வந்தது.

களியையும் தயிரையும் பையில் போட்டுக்கொண்டு
நேரில் போனேன்.
கூட்டம் ஒரு மணி நேரம் தாமதம்.
அவள் அறையில் ஹீட்டர்.
என் முறை வந்து பையைத் திறந்தபோது
இரண்டும் உருகி, பொன்னாகத் தெளிந்து,
ஒரு பாவமும் அறியாத முகத்தோடு
மேசைமேல் நின்றன.
சூட்டில் எல்லா எண்ணெயும் நல்ல எண்ணெய்.

என் வாயில் வார்த்தை வரவில்லை.
மார்லீன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
கோட்டை எடுத்து மாட்டினாள்.

வண்டி நிறுத்துமிடத்தில்
என் பிக்கப் மூக்கின் மேல் பாட்டிலை வைத்து
எதிரெதிரே நின்றோம்.
பேச ஒன்றுமில்லை.
இமையில் பனி ஒட்டியது.
பத்து நிமிடம், பதினைந்து,
பதினெட்டாவதில்
பாட்டிலின் ஓரத்தில்
யாரோ ஊதிவிட்டது போல் ஒரு புகை
கீழிறங்கிப் பரவியது.
"ஓ," என்றாள்.

தாளை என்னிடமிருந்து வாங்கி
வண்டிமேல் விரித்தாள்.
பேனாவில் மை வரவில்லை.
உதறினாள். உள்ளங்கையில் தேய்த்தாள்.
பிறகு கையுறையைப் பல்லால் கழற்றி
பேனா முனையை வாயருகே வைத்து
ஊதத் தொடங்கினாள்.