மாதிரி எண் 41

பாம்பன் ஐஸ் கம்பெனியில் முப்பது ரூபாய்க்கு நொறுக்கிய ஐஸ்.
மூடியில் சங்குப் படம் போட்ட பெட்டி.
எத்தனை கழுவினாலும் உள்ளே சீலா வாசம்.
இரண்டு உறை போட்டு அதில்தான் வைத்தேன்
பூமயிலின் நஞ்சுக்கொடியை,
பிள்ளை பிறந்த பதினோராவது நிமிடம்.

நானூற்றெண்பது கிராம்.
ஒரு பக்கம் சங்கின் உள்வாய் போல வழுவழு,
மறுபக்கம் பிய்த்துப் போட்ட ஈரல்.
அரை மணிக்குள் வெட்டி உறையவைக்க வேண்டும்,
தாண்டினால் செல்கள் பொய் சொல்லத் தொடங்கும்.

கையெழுத்தை எட்டாம் மாதமே வாங்கியாயிற்று.
அன்று கேட்காததை இன்று கேட்டாள்:
"இது என்னோடதா, பிள்ளையோடதா?"

பிள்ளையோடது.
கரு தனக்குத் தானே கட்டிக்கொண்டது.
ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் மட்டும் உங்களது.
மற்றதில் பாதி, பிள்ளையின் அப்பாவுடையது.

"அப்ப எதுக்கு எங்கிட்ட கையெழுத்து?"

அவர் இருபத்திரண்டு நாளாக யாழ்ப்பாணச் சிறையில்.
எல்லை தாண்டினார் என்கிறார்கள்.
கடலில் கோடு எங்கே என்று
ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியும்.
இறாலுக்குத் தெரியாது.

மண்டபத்தில் உட்கார்ந்து
நுண்ணோக்கியில் நான் பார்ப்பதும் ஓர் எல்லையைத்தான்.
அவள் ரத்தம் இந்தப் பக்கம், பிள்ளை ரத்தம் அந்தப் பக்கம்,
நடுவே
தடுப்பே இல்லாத ஒற்றை செல்,
உட்கருக்கள் மட்டும் கோடி கோடி.
என்றோ எந்த மூதாதையையோ தொற்றிய வைரஸ்
விட்டுப்போன புரதம்தான் தடுப்புகளைக் கரைத்தது.
காய்ச்சலோ சளியோ, யார் கண்டது.
அதில் மிஞ்சிய பசையில் ஒட்டிப் பிறந்தவர்கள் நாம்.

பாதி அந்நியனை
ஒன்பது மாதம் அவள் உடம்பு ஏன் கைது செய்யவில்லை?
ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஏழு பேர்
இந்தக் கேள்விக்குத்தான் சம்பளம் வாங்குகிறோம்.

இந்த எல்லையிலும் கசிவு உண்டு, அக்கா.
பிள்ளையின் செல்கள் சில தாண்டி வந்து
உங்கள் நுரையீரலில், எலும்புக்குள்ளே
தங்கிவிடும். முப்பது வருஷம்கூட.
யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

பேசாமல் இருந்தாள்.
பிள்ளை காம்பைத் தேடித் தேடித் தவறவிட்டது.

"அப்ப அவுகளும் கொஞ்சம் எனக்குள்ள இருக்காக."

பிள்ளை வழியாகப் பாதி.

"இதை ஒரு தாள்ல எழுதி
சீல் வச்சுத் தாங்க.
வக்கீல்கிட்ட காட்டணும்."

சீல் என்னிடம் இல்லை.
பத்தொன்பது நிமிடம் போயிருந்தது.
பெட்டியின் மூலையில் தண்ணீர் கசிய
ஓடினேன்.