பத்தொன்பதாம் நாள்

சிவப்புக் கயிற்றை
மாமரத்தில் தொடங்கி
கழிப்பறைச் சுவரைச் சுற்றி
மறுபடி மாமரத்துக்கே கொண்டுவந்து கட்டினான்
சிப்பாய் ஃபோடே.
பதினாலு பேர் உள்ளே.
ஓர் ஆடு, யாருடையதென்று தெரியவில்லை,
அதுவும் உள்ளே.

பின்கட்டில் குடியிருந்தவர்
முந்தின இரவுதான் இறந்திருந்தார்.
"இருபத்தொரு நாள்" என்று
ஏடும் பேனாவுமாக வந்தவர் பெயர் கேட்டார்.
ஜெனபா கல்லோன், தலை பின்னுகிறவள் என்றேன்.
தொழில் என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

கெனெமாவில் அந்த மழைக்காலம்
யாரும் யாரையும் தொடவில்லை.
மீன்காரி
காசைக் குளோரின் வாளியில் போடச் சொன்னாள்.
வெளுத்த நோட்டுகள்
துணிக்கொடியில் காய்ந்தன.
பள்ளிக்கூடம் வானொலிக்குள் போய்விட்டது.
பேட்டரி தீர்ந்த அன்று
பின்னக் கணக்கு பாதியில் நின்றது.

தலை பின்னுவது என்றால்
ஒருத்தியின் தலை
உன் முழங்கால்களுக்கு நடுவே மூன்று மணி நேரம்.
அவள் கழுத்து வியர்வை உன் தொடையில்.
அவள் மாமியார் முழுவதும் உன் காதில்.
'தொடாதே' என்று சுவரெங்கும் ஒட்டிய தாள்
என் கைகளின் பெயருக்கே வந்த கடிதம்.

அரிசி வந்தது, பயறு வந்தது, எண்ணெய் வந்தது.
உப்பை யாரும் நினைக்கவில்லை.
எதிர்வீட்டு மரியாமா
வாழையிலையில் முடிந்து எறிந்தாள்,
ஃபோடே அந்த நேரம் பார்த்து
துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
எறிந்து இட்டாலும்
இட்ட உப்பு உப்புதான்.

காலையில் நெற்றிக்கு நேரே
காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டுவார்கள்.
சண்டைக் காலத்தைப் பார்த்த பொக்காரி
ஒவ்வொரு நாளும்
கண்ணை இறுக மூடிக்கொள்வார்.
முப்பத்தாறு புள்ளி நான்கு என்று சொன்ன பிறகும்
சற்று நேரம் திறக்க மாட்டார்.

சின்னவள் ஹவா கதவில்
கரியால் கோடு கிழித்துவந்தாள்.
பதினெட்டு.
பத்தொன்பது.

பத்தொன்பதாம் நாள் மாலை
கருவிக்காரர்கள் போன பின்
லஹாய் மூன்று துணி போர்த்திப் படுத்தான்.
மலேரியா என்றான்.
மலேரியாதான் என்றாள் அவன் மனைவி யெமா.
எல்லோரும் மலேரியா என்றோம்.
இரண்டே நாள், பல்லைக் கடித்துக்கொள் என்றார்கள்.

கயிற்றருகே போய்ச் சொன்னவள் நான்.

வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள்.
அவன் நடந்த தடமெல்லாம் மருந்தடித்து
பின்னாலேயே நடந்தார்கள்.
வண்டியில் ஏறும்போது
லஹாய் திரும்பி ஆட்டைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.

"மறுபடி ஒன்றிலிருந்து" என்றார் ஏட்டுக்காரர்.
ஹவா பழைய கோடுகளை அழிக்கவில்லை,
கீழே புது வரிசை தொடங்கினாள்.

தொடாமலிருக்க அரசு சொல்லியிருந்தது.
பேசாமலிருக்க யார் சொன்னது?
என் தட்டைத் தள்ளிவைத்தார்கள்,
நான் வந்தால் வானொலியைக் கூட்டினார்கள்.

இரவில் விரல்கள் சும்மா இருக்கவில்லை.
மாமரத்து முடிச்சிலிருந்து
தொங்கிய கயிற்று நுனியைப் பிரித்து
மூன்று புரியாக்கிப் பின்னினேன்.
பின்னி, அவிழ்த்து, பின்னினேன்.
ஃபோடே டார்ச் அடித்துப் பார்த்தான்.
"இறுக்கமாக இல்லை" என்றான்.

எட்டாம் நாள்
லஹாயின் குழி எண் ஒரு தாளில் வந்தது.
யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல்
கயிற்றுக்கு இந்தப் பக்கம்
கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.
மாலைவரை அது அங்கேயே இருந்தது.
மழை வரும்போல இருந்ததால்
யெமா எடுத்தாள்.

வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.
என்னால் என்று யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

கயிற்றை அவிழ்க்க வந்த அன்று
மாமரத்து நுனி மட்டும் வரவில்லை,
அவ்வளவு பின்னியிருந்தேன்.
ஃபோடே கத்தியால் அறுத்துவிட்டு
முழங்கையில் சுற்றிக்கொண்டு போனான்.

யெமா சீப்போடு வந்து
எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.
நாற்பது நாள் பழைய பின்னல்,
நான் போட்டதுதான்.
முடி வளர்ந்து, அடியில் சிக்கேறிக் கிடந்தது.

"அரிக்கிறது" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

காதோரத்திலிருந்து அவிழ்க்கத் தொடங்கினேன்.
வலித்திருக்கும்.
தலையை இழுத்துக்கொள்ளவில்லை.