வலைக்குண்டு

நெட்டையன் என்று என்னை முதலில் கூப்பிட்டது அந்த ஊர்தான்.
டர்பனில், கிளேர்வுட்டில்,
நான் ஐந்தடி இரண்டங்குலம்; பட்டப்பெயர் 'கட்டை'.

போர்ட் நொல்லோத்துக்கு வடக்கே
தார்ச்சாலை மணலில் மூழ்கும் இடத்திலிருந்து கழுதை வண்டி.
மூன்று நாளும் மூடுபனி.
என் அப்பன் காலத்தில் மாகாணம் தாண்ட அனுமதிச்சீட்டு.
எனக்கு அரசாங்கமே சீட்டெழுதி அனுப்பியது:
எல்லையாற்றுக்கு இப்பால் கடைசி ஊர்,
குறளர் குப்பம்,
தராசுகளைச் சோதிக்கவும்.

கூரைகள் என் தோளுயரம்.
புகைபோக்கியில் குனிந்து முகர்ந்தே
எந்த வீட்டில் என்ன குழம்பென்று சொல்லிவிடலாம்.
எல்லா வீட்டிலும் ஸ்னூக் மீன்.

துறைத்தலைவி ப்ரெம்மா, தாடியில் உப்புப் பூத்தவள்,
'தராசா?' என்றாள்.
'போன குளிருக்கு எரித்துவிட்டோம். நல்ல மரம்.'

பிறகு எப்படி எடை?
ஓஸ்க் என்பவனைக் கூப்பிட்டாள்.
அவன் மீனை வாங்கி, கண்மூடி, ஒரு எண் சொன்னான்.
வாங்க வந்த லாரிக்காரன் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டான்.
சோதிக்கத்தானே வந்தேன்?
முத்திரையிட்ட என் பித்தளைக் கல்லை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
இரண்டு கிலோ.
'ஒரு விரலிடை இறால் அளவு குறைச்சல்' என்றான், திருப்பித் தந்தான்.

இரவு என்னையும் படகில் ஏற்றினார்கள்.
முழங்கால்கள் காதைத் தொட உட்கார்ந்தேன்.
தண்ணீர், ஐயோ, பனிக்கட்டிக்குக் கூடப்பிறந்தது.
வலையை நழுவவிடும்போது கயிற்றில் என் கை பட்டது.
ஈயக்குண்டு இருக்கவேண்டிய இடத்திலெல்லாம்
கண்ணி போட்டுக் கட்டிய கூழாங்கற்கள்.
கனமில்லை. வழுவழுப்பு. சோப்புத்துண்டு போல.
லாந்தரை அருகே பிடித்தேன்.

யாரும் எதுவும் பேசவில்லை.

'மலைக்குள்தான் இருந்தோம்' என்றாள் ப்ரெம்மா கடைசியில்,
'கம்பெனி வந்தது. வேலி வந்தது.
வெளியேறுகிறவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள்,
நகத்தைக் கீறிப் பார்த்தார்கள்,
குதிகால் வெடிப்பில் ஊசி விட்டுப் பார்த்தார்கள்.
தாடியை மட்டும் எவனும் சீவிப் பார்க்கவில்லை.'

விற்றிருக்கலாமே என்றேன்.
'விற்றால் யார் தந்ததென்று கேட்பான்.
மீன் கேட்காது.'
ஓஸ்க் சிரித்தான், மூக்கைச் சிந்திக் கடலில் உதறினான்.

வலை இறங்கியது.
நிலா இருந்ததோ என்னவோ, பனிக்கு மேலே.
கீழே அவை மின்னியிருக்காது.
தொங்கிக்கொண்டிருந்திருக்கும், அவ்வளவுதான்,
நாங்கள் காப்பி குடித்து முடிக்கும்வரை.

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்:
வலைக்குண்டுகள், எப்பொருளால் ஆனவை.
பேனா மை உறைந்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடேற்றி
'ஈயம்' என்று எழுதினேன்.

டர்பன் திரும்பி
பித்தளைக் கல்லை ஆய்வகத் தராசில் வைத்தேன்.
பன்னிரண்டு கிராம் குறைவு.
எத்தனை வருடமாய் எத்தனை கடையில் வைத்த கல் அது.
சொல்லவா வேண்டாமா என்று
இன்னும் மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது,
மீன்வாடையோடு.