புகை இல்லாத பதினொரு நாள்

சொரோட்டிச் சந்தையில்
என் மூட்டைகளுக்குக் கழுத்து கிடையாது.
வாய்க்கு மேலும் ஒரு முழம் கிழங்கு அடுக்கி
வலைபோலக் கயிறு பின்னித்தான் லாரியில் ஏற்றுவேன்.
கம்பாலாக்காரர்கள் திட்டிக்கொண்டே வாங்குவார்கள்.

சர்க்கரைவள்ளி பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.
தோல் சிவந்தது வெந்தால் மாவாய் உதிரும்.
உள்ளே மஞ்சளானது குழையும், பல் முளைக்காததற்கு ஆகும்.
வாழையிலை மூடி அவித்தால்
பானை திறக்குமுன் அண்டைவீடு வந்து நிற்கும்.
சீவிக் காயவைத்து இடித்து
கேழ்வரகு மாவும் புளிக்கரைசலும் சேர்த்துக் கிண்டினால்
அதாப்பா, எங்கள் களி.
தொட்டுக்கொள்ள எள்ளும் கடலையும் அரைத்த விழுது.

பச்சையாகத் தின்னலாமா என்று மட்டும்
கேட்காதீர்கள்.

என் மகன் எபியாவ் கேட்பதில்லை.
மூட்டை எண்ண நிறுத்தினால்
மண்வெட்டி பட்டு உடைந்த ஒன்றைப் பொறுக்கி
கால்சட்டையில் துடைத்து
பல்லாலேயே தோலுரித்துத் துப்புகிறான்.
கறுக்.
கறுக்.

'கீழே போடு.'
'கேரட் மாதிரி இருக்கும்மா.'
'வயிறு ஊதும்.'
'ஊதட்டும்.'
'பன்றி தின்கிறது அது.'
'பன்றிக்கு நாக்கு நல்லாத்தான் இருக்கு.'

பதினேழு, பதினெட்டு.
லாரிக்காரன் சிரிக்கிறான்.
நான் சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது.
துப்பாக்கிகள் ஊருக்குள் வந்த வாரம்
அவோஜா சதுப்பில், ஆள் உயரக் கோரைக்குள் இருந்தோம்.
தீப்பெட்டி இருந்தது.
அம்மா அதைத் தலைத்துணி முடிச்சில் வைத்திருந்தாள்,
ஒரு குச்சிகூட நனையவில்லை.
ஆனால் புகை
கோரைக்கு மேலே விரலாய் நீளும்,
இங்கே இங்கே என்று காட்டும்.

இரவில் அம்மா ஊர்ந்து போவாள்.
யார் வயலோ.
கையால் தோண்டி, மடியில் கட்டிக்கொண்டு வருவாள்.
கழுவமாட்டாள், தண்ணீர் சளசளக்கும்.
துணிக்குள் வைத்து நகத்தால் கீறிக் கீறித் தருவாள்.
'கடிக்காதே. ஊறவை.'
அதற்குமுன்
சாப்பிடுவதில் சத்தம் உண்டென்று எனக்குத் தெரியாது.

தம்பி ஒதேகே கைக்குழந்தை.
அவனுக்கு அம்மா ஊறவைத்தது
அம்மாவின் வாயிலேயே.
இப்போது ஜிஞ்சாவில் வெல்டிங் வேலை அவனுக்கு.
கிழங்கு வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவான்.
ஏன் என்று அவனுக்குத் தெரியாது,
நானும் சொல்லவில்லை.

கிழங்குப் பால் விரலில் ஒட்டி, கறுத்து,
மழைக்காலம் முடியும்வரை போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஊருக்குத் திரும்பி
அம்மா ஒரு குச்சி கிழித்தாள்.
அடுப்பில் என்ன வைத்தாள் என்கிறீர்கள்?
அதையேதான்.
அதே வயல், அதே மடி.
வெந்ததும் தேன் கசிந்து தோலில் ஒட்டியது.
எல்லோரும் தின்றார்கள்.
நான் கூரை ஓட்டை வழியே
புகை பயமில்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு.
யாரிடமும் சொன்னதில்லை.
அந்தக் கோரைக்குள்ளும் அது இனித்தது.
அவித்ததுபோல் அல்ல,
தண்ணீரில் கலந்த கொஞ்சம் இனிப்பு,
வெளியே நடப்பது எதுவும் தெரியாததுபோல.
துப்பாக்கியைக்கூட மறந்துவிட்டேன் ஓரளவு.
அந்த இனிப்பைத்தான் மன்னிக்கவில்லை.

'இந்தாம்மா.'
எபியாவ் பாதியை ஒடித்து நீட்டுகிறான்.
ஒடித்த இடத்தில் வெள்ளையாய்ப் பால் துளிர்க்கிறது.
இருபத்தி இரண்டா, இருபத்தி மூன்றா?
கை நீட்டி வாங்கிவிட்டேன்,
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கடித்தேன்.
சந்தை முழுக்கக் கேட்டிருக்கும் அந்தச் சத்தம்.
மீன்காரி மீனைப் புரட்டினாள்.
சைக்கிள்காரன் காற்றடித்துக்கொண்டிருந்தான்.
ஒருவரும் திரும்பவில்லை.

'எத்தனைம்மா?' என்றான் லாரிக்காரன்.
வாய் நிறைய இருந்தது.
விரலால் காட்டினேன்:
மறுபடியும் ஒன்றிலிருந்து.